பெட்டியில் இல்லாததை எண்ணுவது

1930களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் பாலிகஞ்ச் பகுதியில் பட்டறை வைத்திருந்த பிபின் பிஹாரி தாஸ் என்ற மெக்கானிக், சொந்தமாக ஒரு காரைச் செய்து அதற்குச் 'சுதேசி' என்று பெயர் வைத்தார். பனாரஸ் இந்து பல்கலைக்கழகம் அவரிடம் கார் வாங்கியது. இப்படி ஒரே பட்டறையில் பிறக்கும் காருக்கு உதிரிபாகப் பட்டியல் பெரிய விஷயமில்லை. ஒரு பிராக்கெட் இரண்டு மில்லிமீட்டர் நீண்டுவிட்டால் அரத்தை எடுத்து ராவிவிடலாம். ஒரு புஷ் குறைந்தால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். என்ன இல்லை என்பது செய்கிறவர் கைக்கே தெரியும்.

கிட் கார் கதை வேறு. தொழிற்சாலை ஒரு காரின் அத்தனை பாகங்களையும் செய்து, கோக்காமல், பெட்டிகளில் அடுக்கி அனுப்பிவிடும். வாங்கியவர் தன் வீட்டுக் கொட்டகையில் அதைக் கோத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 1957-ல் வந்த லோட்டஸ் செவன் இந்த வகையில் புகழ்பெற்றது. முழுக் காருக்கு இருந்த விற்பனை வரி பாகங்களாக விற்றதற்கு இல்லை என்பதால், 1973 வரை அங்கே இந்த வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. வாங்குபவரிடம் லேத்தும் இல்லை, வார்ப்படமும் இல்லை. ஸ்பேனர் செட்டும் ஒரு பட்டியலும்தான் இருக்கின்றன. ஆகவே லாரி போன பிறகு அவர் செய்யவேண்டிய முதல் வேலை எண்ணுவது. பார்க்கச் சாதாரணமாகத் தெரியும் இந்த வேலைக்குள் நல்ல அறிவியல் இருக்கிறது. அதில் கணிசமான பகுதி கல்கத்தாவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வளர்ந்தது.

பெட்டியில் வந்த கார்கள்

கிட் கார் என்ற ஒன்று சாத்தியமாக வேண்டுமானால், ஒரு காரின் பாகம் இன்னொரு காரிலும் ராவாமல் பொருந்த வேண்டும். இதை உலகுக்குக் காட்டிய சோதனை 1908-ல் நடந்தது. இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓட்டப்பந்தயத் தடத்தில் மூன்று காடிலாக் கார்களை முழுக்கப் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் 721 பாகங்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதிலிருந்து 89 பாகங்களை எடுத்துவிட்டு, விற்பனையாளரின் கிடங்கிலிருந்து புதிய பாகங்களைப் போட்டார்கள். ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் மட்டும் வைத்து மறுபடி மூன்று கார்களைக் கோத்து, 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். ராயல் ஆட்டோமொபைல் கிளப் இதற்காக டூவர் கோப்பையை வழங்கியது.

அதற்குப் பிறகு காரைக் காராகவே கப்பலில் ஏற்றவேண்டிய அவசியம் இல்லாமல் போனது. முழுக் கார் என்றால் உள்ளே இருக்கும் காற்றுக்கும் சேர்த்துக் கப்பல் கூலி கொடுக்க வேண்டும்; பிரித்து அடுக்கினால் அதே இடத்தில் பல கார்கள் போகும். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயின் சேவ்ரியில் இப்படி வந்த பெட்டிகளைப் பிரித்துக் கார் கோக்கத் தொடங்கியது. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸின் முதல் வேலையும் ஆஸ்டின் ஏ40 கார்களைக் கோப்பதுதான். அதுதான் பின்னாளில் அசோக் லேலண்ட் ஆனது. பி.எம். பிர்லா 1942-ல் தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ், 1948-ல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தை விட்டுக் கல்கத்தாவுக்கு வடக்கே உத்தர்பாராவுக்கு வந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் 10 காரைத்தான் அவர்கள் முதலில் இந்துஸ்தான் 10 என்று கோத்து விற்றார்கள். 1957 முதல் 2014 வரை ஓடிய அம்பாசடர் இந்தப் பரம்பரையில் வந்தது.

இந்தத் தொழிற்சாலைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு தலைவலி உண்டு. பாகம் குறைந்தால் அடுத்த கப்பல் வரும்வரை கார் நிற்கும்.

ஆயிரத்தில் ஒரு பிழை

பெட்டி கட்டுபவர் மகா கவனசாலி என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பாகம் எடுத்து வைத்தால் ஒன்றில்தான் தவறுவார். அதாவது ஒவ்வொரு பாகமும் சரியாக வருவதற்கான நிகழ்தகவு 99.9 சதவீதம். கிட்டில் 1,000 பாகங்கள். பெட்டி முழுக்கச் சரியாக இருப்பதற்கு வாய்ப்பு எவ்வளவு?

0.999-ஐ ஆயிரம் முறை தன்னோடு பெருக்க வேண்டும். வருவது 0.368. ஏறக்குறைய 37 சதவீதம். மூன்று பேர் கிட் வாங்கினால் ஒருவருக்குத்தான் குறையில்லாமல் வரும். பாகங்கள் 2,000 என்றால் வாய்ப்பு 13.5 சதவீதமாக இறங்கிவிடும். கட்டுபவர் இன்னும் பத்து மடங்கு கவனமாகி, பத்தாயிரத்தில் ஒன்றுதான் தவறவிடுகிறார் என்றாலும், ஆயிரம் பாகப் பெட்டிகளில் பத்துக்கு ஒன்று பிழையோடுதான் வரும்.

ஆகவே பெட்டியில் ஏதோ குறைகிறது என்றால் அனுப்பியவர் ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டத் தேவையில்லை. பிழை இருக்கும் என்று எதிர்பார்த்தே எண்ணத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

பட்டியலிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து பட்டியலுக்கு

புதிதாகச் செய்பவர்கள் பெட்டியைத் திறந்து, கைக்கு வந்ததை எடுத்து, பட்டியலில் தேடி டிக் அடிப்பார்கள். பெட்டி காலியானதும் வேலை முடிந்த திருப்தி வந்துவிடும். இந்த வழியில் தவறான பாகமும் கூடுதல் பாகமும் மாட்டும். வராத பாகம் கையில் சிக்காது. பட்டியலில் டிக் இல்லாத வரியாக மட்டும்தான் அது இருக்கும். நாற்பது பக்கப் பட்டியலில் அந்த வெற்று இடம் கண்ணில் படாமல் போவது சுலபம்.

அதனால் தணிக்கையாளர்கள் இருப்பு எடுக்கும்போது இரண்டு திசையிலும் போவார்கள். பட்டியலின் ஒவ்வொரு வரியையும் வாசித்து அந்தப் பொருளைத் தேடுவது ஒன்று. இதில் வராதது தெரியும். தரையில் கிடக்கும் ஒவ்வொரு பொருளையும் எடுத்து அதன் வரியைத் தேடுவது இன்னொன்று. இதில் வந்திருக்கக் கூடாதது தெரியும். இடது பக்க ஸ்டியரிங் ஆர்முக்குப் பதிலாக வலது பக்கத்தது இரண்டு வந்திருந்தால், எண்ணிக்கை சரியாகவே இருக்கும். இரண்டு திசையிலும் போனால் அது தப்பாது.

இன்னொரு விதி: ஒரு பையைத் திறந்தால் அதை முடித்து, மூடி, பேர் எழுதிய பிறகுதான் அடுத்த பை. ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வகை போல்ட், வகைக்கு 20, ஒரே தட்டில் கொட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 40-ஐ இருபது இருபதாகப் பிரிப்பதற்கு 13,784 கோடிக்கு மேல் வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றுதான் சரி. கலப்பதற்கு ஒரு நொடி போதும். பிரிப்பதற்கு ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். இயற்பியலில் என்ட்ரோபி என்று படித்தது இதைத்தான்.

ஒரே மாதிரி, ஆனால் ஒன்றல்ல

ஒரு எட்டு மில்லிமீட்டர் போல்ட்டையும் ஐந்தின்கீழ் பதினாறு அங்குல போல்ட்டையும் உள்ளங்கையில் வையுங்கள். அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். வித்தியாசம் 0.06 மில்லிமீட்டர், ஒரு தாளின் தடிமனை ஒட்டிய அளவு. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வேறுபாடு புரியில் இருக்கிறது. மெட்ரிக் போல்ட்டில் புரிக்குப் புரி 1.25 மில்லிமீட்டர். அங்குலத்தின் பெரும்புரி வகையில் அங்குலத்துக்கு 18 புரி, அதாவது 1.41 மில்லிமீட்டர். நட்டை மாட்டினால் ஒன்றிரண்டு சுற்று ஏறி இறுகிவிடும். 'கொஞ்சம் டைட்டா இருக்கு' என்று ஸ்பேனர் போட்டு அழுத்தினால் புரி தேய்ந்துவிடும். பழைய அம்பாசடரில் அங்குலப் புரி, பிற்காலப் பாகங்களில் மெட்ரிக் புரி என்று கலந்து கிடப்பதால் சென்னைப் புதுப்பேட்டையிலும் கல்கத்தா மல்லிக் பஜாரிலும் உதிரிபாகம் வாங்குகிறவர்கள் புரி கேஜை இடுப்பில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்கும். அது அலங்காரம் அல்ல. முதல் எண்ணை நூறால் பெருக்கினால் இழுவிசை வலிமை, 800 மெகாபாஸ்கல். இரண்டாவது எண், அந்த வலிமையில் 80 சதவீதம் வரை அது நிரந்தரமாக நீளாது என்று சொல்கிறது. 10.9 கேட்ட இடத்தில் 8.8 வந்தால், எண்ணிக்கையும் அளவும் சரியாக இருந்தும் பாகம் தவறு.

இதில் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு விமானத் துறையில் ஓர் உதாரணம் உண்டு. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 5390-இன் விமானி அறைக் கண்ணாடி வானத்தில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடல் வெளியே தொங்க, ஊழியர்கள் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்தார். அந்தக் கண்ணாடியை முந்தைய நாள்தான் மாற்றியிருந்தார்கள். 90 போல்ட்டுகளில் 84, விட்டத்தில் 0.66 மில்லிமீட்டர் குறைவானவை. மற்ற ஆறும் நீளத்தில் குறைந்தவை. பழைய போல்ட்டோடு ஒப்பிட்டுக் கண்ணால் பார்த்து எடுத்ததுதான் காரணம். பாக எண்ணைப் பட்டியலில் சரிபார்த்திருந்தால் அது நடந்திருக்காது.

எண்ணாமல் எண்ணுவது

மனிதக் கண்ணுக்கு எண்ணும் திறமை குறைவு. பொருளியல் அறிஞர் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1871-ல் ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டார். அவரை விதைகளை அள்ளி வீசி, எண்ணாமல் பார்த்தவுடனே எத்தனை என்று சொல்வது. ஆயிரத்துச் சொச்சம் முறை வீசினார். மூன்று, நான்கு விதை விழுந்தபோது அவர் தவறவே இல்லை. ஐந்திலிருந்து பிழை தொடங்கியது. விதைகள் கூடக் கூடப் பிழையும் கூடியது. ஆகவே வாஷர்களைக் கொட்டிப் பார்வையால் மதிப்பிடாமல், நான்கு நான்காக ஒதுக்குவதே நல்லது.

இருநூறு போல்ட் இருந்தால் நிறுத்துவிடலாம். ஆனால் தராசிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு போல்ட் சராசரியாக 13 கிராம், ஒவ்வொன்றும் 0.1 கிராம் அளவுக்கு முன்பின் இருக்கும் என்று கொள்வோம். பத்துப் போல்ட்டை நிறுத்துச் சராசரி கண்டால் அந்தச் சராசரியில் 0.03 கிராம் பிழை இருக்கும். அதை 200-ஆல் பெருக்கும்போது பிழையும் 200 மடங்காகி 6 கிராமைத் தாண்டும். அரைப் போல்ட்டின் எடை. அரையைத் தாண்டினால் எண்ணிக்கை ஒன்று மாறிப்போகும். முதலில் ஐம்பது போல்ட்டை எண்ணி நிறுத்துச் சராசரி கண்டால் மொத்தப் பிழை மூன்று கிராம் அளவுக்கு இறங்கும். தராசின் விடையை நம்பலாம். பிழை, மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறைகிறது. தராசு எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்த விதியைத் தாண்ட முடியாது.

நீலகிரியில் முடிந்த ஒரு வாழ்க்கை

எண்ணிக்கை சரி, தரம்? ஐந்நூறு ரிவெட் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் உருப்பெருக்கியில் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. எத்தனை பார்த்தால் போதும்?

இந்தக் கேள்விக்கு அழகான விடை தந்தவர் ஆபிரகாம் வால்ட். இன்றைய ருமேனியாவில் 1902-ல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கணித மேதை. இரண்டாம் உலகப்போரின்போது, 1943-ல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆயுதப் பரிசோதனைக்காக அவர் கண்ட முறையை அமெரிக்க அரசு ரகசியமாகவே வைத்திருந்தது. எத்தனை பார்ப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யாதே, ஒன்றைப் பார், இதுவரை பார்த்ததை வைத்து முடிவெடுக்க முடியுமா என்று கேள், முடியாவிட்டால் இன்னொன்றை எடு: இவ்வளவுதான் அதன் சாரம்.

நம் ரிவெட்டுக்கே போட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு ஒன்று பழுது என்றால் பரவாயில்லை. பத்து பழுது என்றால் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு பக்கமும் 5 சதவீதத் தவறு வரலாம். வால்ட்டின் சூத்திரம் சொல்வது: வரிசையாக 31 ரிவெட் நல்லவையாக இருந்தால் ஏற்றுக்கொண்டு நிறுத்திவிடு. முதல் 19-க்குள் இரண்டு பழுது வந்தால் அப்போதே திருப்பி அனுப்பு. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் தொடர்ந்து பார். மாதிரி எண்ணிக்கையை முதலிலேயே நிர்ணயிக்கும் முறையோடு ஒப்பிட்டால் வேலை சராசரியாகப் பாதியளவு மிச்சமாகும்.

1947-ல் எழுதிய நூலில் இந்தச் சிந்தனையின் முன்னோடிகளுள் ஒன்றாக வால்ட் குறிப்பிட்டது வங்காளத்தை. புள்ளியியலாளர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1930களின் பிற்பகுதியில் அங்கே சணல் விளையும் பரப்பை அளக்க நடத்திய, ஒன்றன்பின் ஒன்றாகப் பாடம் கற்றுச் செல்லும் மாதிரிக் கணக்கெடுப்புகள் அவை. 1941-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் புள்ளியியல் துறையைத் தொடங்கியபோது அதை நடத்தியவரும் மகலனோபிஸ்தான். இந்தியாவில் சொற்பொழிவாற்ற வந்த வால்ட், 1950 டிசம்பர் 13 அன்று நீலகிரி மலையில் நடந்த விமான விபத்தில் மனைவியோடு இறந்தார். வயது 48.

ஒரு எச்சரிக்கை. மாதிரிப் பரிசோதனை ஒரே மாதிரியான பலவற்றுக்குத்தான் செல்லும். ஸ்டியரிங் ரேக் ஒன்றுதான், பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றுதான். அவற்றுக்கு மாதிரி கிடையாது. ஒவ்வொன்றையும் பார்த்தே தீர வேண்டும். விலையைப் பார்த்து முக்கியத்துவம் கொடுப்பதும் தவறு. பிரேக் குழாய் முனையில் போடும் செம்பு வாஷர் சில ரூபாய்தான். அது இல்லாமல் பிரேக் ஆயில் ஒழுகும், பிரேக் பிடிக்காது.

இருவரும் தவறவிட்டது எத்தனை?

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் சுவையானது. எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது. நம் கண்ணுக்குத் தப்பிய குறைகள் இன்னும் எத்தனை? பார்க்காததை எப்படி எண்ணுவது?

நானோ கார் தொழிற்சாலைப் போராட்டத்தால் சிங்கூர் என்ற பெயர் நமக்குத் தெரியும். அதற்கு அறுபது ஆண்டு முன்பே புள்ளியியலில் அந்த ஊர் இடம்பிடித்துவிட்டது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூர் சுகாதார மையப் பகுதியில் பிறப்பு, இறப்புகளைப் பதிவாளர் ஒரு பட்டியலில் எழுதினார். வீடு வீடாகப் போன கணக்கெடுப்பாளர்கள் தனியாக இன்னொரு பட்டியல் தயாரித்தார்கள். இரண்டிலும் விட்டுப்போனவை இருந்தன. மக்கள்தொகை அறிஞர் சி. சந்திரசேகரனும் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங்கும் இரண்டையும் பொருத்திப் பார்த்து, இரண்டு பட்டியலிலும் வராதவற்றின் எண்ணிக்கையை மதிப்பிடும் முறையை 1949-ல் வெளியிட்டார்கள். பிற்பாடு உலகெங்கும் கணக்கெடுப்புகளில் விட்டுப்போனவற்றைக் கண்டறிய இது பயன்பட்டது.

கிட்டுக்கு இதைப் பொருத்துவது எளிது. கணவனும் மனைவியும், அல்லது அண்ணனும் தம்பியும், தனித்தனியாகச் சரிபார்க்கிறார்கள். ஒருவர் 12 குறை கண்டார், மற்றவர் 10. இரண்டு பேர் பட்டியலிலும் இருப்பது 8. பன்னிரண்டைப் பத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் 15. அதுதான் மொத்தக் குறைகளின் மதிப்பீடு. இருவரும் சேர்ந்து கண்டது 14. இன்னும் ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது.

இந்தக் கணக்கு செல்ல ஒரு நிபந்தனை உண்டு. இருவரும் ஒருவர் வேலையை ஒருவர் பார்க்கக் கூடாது. முதலாமவர் போட்ட டிக்கைப் பார்த்துக்கொண்டே இரண்டாமவர் பார்த்தால், அவர் பார்ப்பதில்லை, ஒப்புக்கொள்கிறார், அவ்வளவுதான். ஒருவர் இருபதில் ஒன்றைத் தவறவிடுவார் என்றால், சுதந்திரமாகப் பார்க்கும் இருவரும் ஒன்றையே தவறவிடுவது நானூற்றில் ஒருமுறைதான். சேர்ந்து பார்த்தால் அந்தப் பலன் கரைந்துவிடும். இதே காரணத்தால்தான் கிடங்குகளில் எண்ணுகிறவரிடம் 'இதில் 24 இருக்கணும், பாரு' என்று சொல்லாமல், 'எத்தனை இருக்கு?' என்று மட்டும் கேட்பார்கள். எதிர்பார்க்கும் எண் தெரிந்தால் 23-ஐயும் மனம் 24 என்று எண்ணிவிடும்.

இந்தியாவில் வீட்டில் கோத்த காரைப் பதிவு செய்வது எளிதல்ல என்பதால், இதைப் படிக்கிற பலருக்கும் கிட் கார் வரப்போவதில்லை. ஆனால் பழைய அம்பாசடரைப் பிரித்துப் புதுப்பிப்பவருக்கும், சோலார் பேனல் செட் வாங்குபவருக்கும், பள்ளி ஆய்வகத்துக்குக் கருவிப் பெட்டி வரவழைக்கும் ஆசிரியருக்கும் இதே விதிகள் பொருந்தும். லாரிக்காரர் நீட்டும் ரசீதில், பெட்டி நசுங்கியிருந்தாலோ எண்ணிக்கை குறைந்தாலோ அதை எழுதிவிட்டே கையெழுத்துப் போடுங்கள். சாலைவழி சரக்குச் சட்டம் 2007-இன்படி, இழப்புக்கான எழுத்துபூர்வ அறிவிப்பைச் சரக்கு பதிவான நாளிலிருந்து 180 நாளுக்குள் தர வேண்டும். பட்டியலிலிருந்து ஒருமுறை, பெட்டியிலிருந்து ஒருமுறை, தனித்தனியே இரண்டு பேர் பாருங்கள். முடியும்வரை ஒரு போல்ட்டைக்கூட முறுக்காதீர்கள். கோக்கத் தொடங்கிய பிறகு தெரியவரும் குறை, எந்தப் பட்டியலும் கேட்காத விலையைக் கேட்கும்.